யாருக்குப் பசி அதிகமோ அவருக்கு முதல் டேபிள்

'சைன்ஃபெல்ட்' தொடர் பிடிக்கும் என்று சொன்னால் எனக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. ஒன்று, "அதுல என்ன இருக்கு, நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க." இன்னொன்று கொஞ்சம் யோசித்துப் பேசுகிறவர்களிடமிருந்து வரும்: "அரசியலே இல்லாத நகைச்சுவை, வயிறு நிறைந்தவர்கள் பார்ப்பதற்கு எடுத்தது." முதல் ஆளிடம் நான் வாதாடுவதில்லை. அவர் சொல்வது சரிதான், நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டாவது ஆளோடுதான் எனக்கு வழக்கு. அதுவும் முழு வழக்கு இல்லை, பாதி வழக்கு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 ஜூலையில் அமெரிக்காவின் என்பிசி சேனலில் பைலட் (சோதனைக்கு எடுத்த முதல் எபிசோட்) வந்தது, 1998 மே 14 அன்று கடைசி எபிசோட், மொத்தம் ஒன்பது சீசன், 180 எபிசோடுகள். ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்ற மேடைச் சிரிப்புக்காரர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்ற மேடைச் சிரிப்புக்காரராகவே நடிக்கிறார். கூட நண்பன் ஜார்ஜ், முன்னாள் காதலி எலெய்ன், எதிர்வீட்டு கிரேமர். ஊர் மன்ஹாட்டன், ஆனால் எடுத்தது முக்கால்வாசி லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில். ஜெர்ரியோடு சேர்ந்து இதை உருவாக்கியவர் லாரி டேவிட். ஜார்ஜ் என்ற பாத்திரமே ஏறக்குறைய லாரி டேவிட்தான். பைலட்டைச் சோதனைக்குப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, சேனல் அரைமனதாக இன்னும் நாலே நாலு எபிசோடுக்கு மட்டும் காசு கொடுத்தது. அப்படித் தொடங்கியதன் கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது சீசனில் 'தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்' என்று ஒரு எபிசோட், 1991 மே மாதம் வந்தது. ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன் மூவரும் ஒரு சீன உணவகத்துக்குள் நுழைகிறார்கள். டேபிள் காலி இல்லை, "ஐந்து, பத்து நிமிஷம்" என்கிறார் வாசலில் நிற்கிறவர். அவ்வளவுதான் கதை. இருபத்துச் சொச்சம் நிமிஷமும் அவர்கள் அந்த வாசலிலேயே நிற்கிறார்கள், நாமும் கூடவே நிற்கிறோம். ஜார்ஜுக்குப் பொதுத் தொலைபேசியில் காதலியைக் கூப்பிட வேண்டும், அதை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார். எலெய்னுக்குப் பசி. யாரோ ஒரு டேபிளில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் தட்டிலிருந்து ஒரு எக் ரோலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தால் ஐம்பது டாலர் தருகிறேன் என்று ஜெர்ரி அவளை உசுப்பேற்றுகிறான். கடைசியில் மூவரும் வெறுத்துப்போய் வெளியே போகிறார்கள். போன அடுத்த நொடி, வாசலில் நிற்கிறவர் "சைன்ஃபெல்ட், நாலு பேர்!" என்று கூப்பிடுகிறார்.

இதைப் படித்துவிட்டு என்பிசி மேலதிகாரிகள், இதில் கதையே இல்லையே என்றார்கள். லாரி டேவிட் மாற்ற முடியாது என்று நின்றார், வேலையை விட்டுப் போகவும் தயாராக இருந்தார். எபிசோட் அப்படியே வந்தது.

ஆனால் அந்த எபிசோடில் எனக்குப் பிடித்தது எக் ரோலும் இல்லை, கடைசிக் கூப்பாடும் இல்லை. நடுவில் எலெய்ன் பசி தாங்காமல் ஒன்று சொல்வாள்: முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பது நியாயமே இல்லை, யாருக்குப் பசி அதிகமோ அவருக்குத்தான் முதலில் டேபிள் தர வேண்டும். ஒரே வாக்கியம், சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுவாள். யோசித்துப் பாருங்கள், இது என்ன பேச்சு? வரிசைப்படி கொடுப்பதா தேவைப்படி கொடுப்பதா என்பது ரேஷன் கடையிலிருந்து மருத்துவமனை படுக்கை வரைக்கும் மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அந்த இடத்தில் யாராவது ஒரு நல்ல எழுத்தாளர் வந்து உட்கார்ந்து எலெய்னை ஒரு பத்து வரி பேச வைத்திருந்தால் அது அரசியல் வசனம் ஆகியிருக்கும், கைத்தட்டலும் கிடைத்திருக்கும், சிரிப்பு செத்துப் போயிருக்கும். இவர்கள் பேச வைக்கவில்லை. அவளுக்குப் பசி, அவ்வளவுதான். பசி தீர்ந்தால் அந்தக் கொள்கையும் தீர்ந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதற்கு முன்னால் அமெரிக்க சிட்காம்கள், அதாவது டிவி சிரிப்புத் தொடர்கள், எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். எழுபதுகளில் நார்மன் லியர் எடுத்த 'ஆல் இன் தி ஃபேமிலி', சிபிஎஸ் சேனலில் 1971 முதல் 1979 வரை. அதில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்ற பழமைவாத மனிதர் தன் மருமகனோடு வியட்நாம், இனவெறி, பெண் உரிமை என்று வரவேற்பறையிலேயே மோதுவார். நல்ல தொடர், இன்றைக்குப் பார்த்தாலும் வலுவாக இருக்கும். ஆனால் யார் பக்கம் நாம் நிற்க வேண்டும் என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம். 'சைன்ஃபெல்ட்' ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் 'மர்ஃபி பிரவுன்' என்று இன்னொரு தொடர் வந்துகொண்டிருந்தது. அதன் நாயகி கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொண்டதை 1992 மே மாதம் துணை அதிபர் டான் குவேல் ஒரு மேடையில் குறை சொல்லிப் பேச, ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு ஒரு நிஜத் துணை அதிபர் தேர்தல் ஆண்டில் சண்டை போட்ட அபூர்வக் காட்சி நடந்தது. அந்தத் தேர்தல் நவம்பர் 3 அன்று முடிந்தது. அடுத்த இரண்டு வாரத்தில், நவம்பர் 18 அன்று, 'சைன்ஃபெல்ட்' தன் மிகப் புகழ்பெற்ற எபிசோடுகளில் ஒன்றான 'தி கான்டெஸ்ட்'டை ஒளிபரப்பியது. அதில் போட்டி என்னவென்றால், நாலு பேரில் யார் அதிக நாள் கைப்பழக்கம் இல்லாமல் தாக்குப் பிடிப்பது என்பது. அந்த வார்த்தையை எபிசோட் முழுக்க ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டார்கள். லாரி டேவிட்டுக்கு அதற்கு அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மி கிடைத்தது. நாடே அதிபரை மாற்றிக்கொண்டிருந்தபோது இவர்களுடைய கவலை இது.

அப்படியானால் அரசியலே இல்லையா என்றால், இங்கேதான் என் பாதி வழக்கு. இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் வாசல் வழியாக வராது, சந்து வழியாக வரும்.

'தி கவுச்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள், 1994. கருக்கலைப்பு. அமெரிக்காவில் இதைவிடச் சூடான விஷயம் கிடையாது. எலெய்ன் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவள், ஓர் உணவகத்தின் உரிமையாளர் அதற்கு எதிரானவர் என்று தெரிந்ததும் அங்கே சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போகிறவள். அவளுக்கு ஒரு புதுக் காதலன் கிடைத்திருக்கிறான், நல்ல அழகன். ஜெர்ரி குறும்பாகக் கேட்கிறான், அந்த ஆள் இந்த விஷயத்தில் எந்தப் பக்கம்? நம்ம பக்கம்தான் என்கிறாள். எப்படித் தெரியும்? இவ்வளவு அழகாக இருக்கிறானே! இதுதான் அவள் பதில். கருக்கலைப்பு சரியா தப்பா என்று தொடர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நமக்குப் பிடித்த முகத்துக்கு நம்முடைய கொள்கையை நாமே ஒட்டிவிடுகிறோம் என்பதை மட்டும் காட்டிவிட்டுப் போகிறது. எந்தக் கட்சிக்காரர் பார்த்தாலும் கொஞ்சம் நெளிவார்.

'தி ஸ்பாஞ்ச்' இன்னும் கூர்மையானது. 1995 டிசம்பர். எய்ட்ஸ் நடைப்பயணத்துக்கு கிரேமர் போகிறான். நடக்கத் தயார், ஆனால் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்ள மாட்டேன் என்கிறான். ஏன் என்றெல்லாம் இல்லை, குத்திக்கொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். கூட நடப்பவர்கள் முதலில் வியக்கிறார்கள், பிறகு வற்புறுத்துகிறார்கள், கடைசியில் நோயாளிகளின் நலனுக்காக நடக்க வந்த அந்த நல்லவர்களே அவனை அடித்துத் துவைக்கிறார்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்கிற இடத்திலும் அடையாளம் குத்தாதவனைப் பார்த்தால் கூட்டத்துக்கு எப்படிக் கை துறுதுறுக்கிறது என்பதுதான் பார்வை. சமூக வலைத்தளத்தில் டிபி மாற்றாதவனை நாம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தேர்தலையே நேரடியாக எடுத்த எபிசோடும் உண்டு, 'தி நான்-ஃபேட் யோகர்ட்'. நியூயார்க் மேயர் தேர்தல் 1993 நவம்பர் 2 அன்று, எபிசோட் 4 அன்று. ஜெயிக்கப்போவது அப்போதைய மேயர் டிங்கின்ஸா, எதிர்த்து நின்ற ஜூலியானியா என்று தெரியாமலே எடுத்து, இரண்டு முடிவுக்கும் தயாராக இருந்து, ஜெயித்த ஜூலியானியை மறுநாளே பிடித்துக் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். கதையில் டிங்கின்ஸின் உதவியாளன் ஒருவனிடம் எலெய்ன் விளையாட்டாக ஒரு யோசனை சொல்கிறாள், நியூயார்க்கில் எல்லோரும் பெயர் அட்டை குத்திக்கொண்டு நடந்தால் ஊர் இன்னும் நட்பாக இருக்குமே என்று. அவன் அதை நிஜமாகவே மேயரிடம் கொண்டுபோக, மேயர் அதைப் பிரச்சாரத்தில் அறிவிக்க, ஊர் சிரிக்க, தோற்றுப்போகிறார். இன்னொரு பக்கம் கொழுப்பே இல்லாத தயிர் என்று விற்கும் கடையில் எல்லோரும் சாப்பிட்டுக் குண்டாகிக்கொண்டிருக்கிறார்கள். புது மேயர் வந்து பேசும் விஷயம் தன் கொலஸ்ட்ரால். அந்தத் தேர்தலில் நிஜமாகவே குற்றங்கள், இன உறவு, போலீஸ் என்று எவ்வளவோ பேசினார்கள், நகரம் இரண்டாகப் பிளந்து நின்றது. தொடரில் அது ஒன்றும் கிடையாது. தயிர். யோசித்தால் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். அந்த எரிச்சலோடும் நான் சிரித்தேன்.

'தி ரேஸ்' என்ற எபிசோடில் எலெய்னின் காதலன் ஒரு கம்யூனிஸ்ட். அவனுடைய அப்பா காலத்தில், கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வேட்டையாடிய மெக்கார்த்தி நாட்களில், கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்த எழுத்தாளர்கள் கூடுகிற இடமாக ஒரு சீன உணவகம் இருந்ததாம். எலெய்ன் அதே உணவகத்தோடு சண்டை போட்டு, இனி உனக்கு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர மாட்டோம் என்று அவர்களுடைய கறுப்புப் பட்டியலில் இவள் சேர்ந்துவிடுகிறாள். சும்மா இருக்காமல் காதலன் பெயரைச் சொல்லி ஆர்டர் செய்கிறாள், அவனும் பட்டியலில் சேர்கிறான். விசாரணைக் குழு முன்னால் சக தோழர்களின் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது ஐம்பதுகளின் பெரிய காயம். இங்கே காட்டிக்கொடுத்தது நூடுல்ஸுக்காக.

இதே வேலையை இன்னும் பெரிய விஷயங்களுக்கும் செய்திருக்கிறார்கள். 'தி பாய்ஃப்ரெண்ட்' எபிசோடில் கென்னடி கொலை பற்றிய சதிக் கோட்பாடு முழுக்க, எச்சில் யார் துப்பினார்கள் என்ற ஆராய்ச்சியாக மாறுகிறது. ஒரே எச்சில் கிரேமர் மேலும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் நியூமன் மேலும் எப்படிப் பட்டுத் தெறித்தது, இரண்டாவதாகத் துப்பியவர் ஒருவர் இருந்தாரா என்று ஜெர்ரி வரவேற்பறையில் நின்று நடித்துக் காட்டுவான். கூடுதல் குறும்பு என்னவென்றால், நியூமனாக நடித்த வெய்ன் நைட் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் வெளிவந்த, கென்னடி கொலை பற்றிய 'ஜேஎஃப்கே' படத்தில், தோட்டா எப்படிப் போனது என்று நீதிமன்றத்தில் விளக்கும் அதே காட்சியில் நடித்திருந்தார். 'தி ரெயின்கோட்ஸ்' எபிசோடில் ஜெர்ரி காதலியோடு, நாஜிகளின் யூதப் படுகொலை பற்றிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படம் பார்க்கப் போய்ப் படம் முழுக்க முத்தம் கொடுத்துக்கொண்டிருந்துவிடுகிறான், அதை நியூமன் ஜெர்ரியின் பெற்றோரிடம் போட்டுக்கொடுக்கிறான். இங்கே சிரிப்புக்கு ஆளாவது பேரழிவு அல்ல. புனிதமான ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊர் போட்டு வைத்திருக்கும் விதிகள்தான். தொடரை உருவாக்கிய இருவருமே யூதர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் துணிச்சல் புரியும்.

என் ஊகம் இதுதான். இந்த நாலு பேரும் சேர்ந்து நடத்துவது ஒரு குட்டிச் சட்டசபை. சிப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி சட்னிக் கிண்ணத்தில் தோய்க்கலாமா? வந்த பரிசை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? பேசும்போது முகத்துக்கு எவ்வளவு கிட்டே வரலாம்? இவற்றுக்கெல்லாம் எழுதப்பட்ட சட்டம் கிடையாது, ஆனால் மீறினால் தண்டனை உண்டு. 'தி பார்க்கிங் ஸ்பேஸ்' எபிசோடில் ஒரே காலி இடத்துக்கு ஜார்ஜ் பின்பக்கமாக வண்டியைத் தள்ளுகிறான், இன்னொருவன் முன்பக்கமாக மூக்கை நுழைக்கிறான். இருவரும் நகர மாட்டேன் என்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் கூடுகிறார்கள், ஆளுக்கொரு கட்சி சேர்கிறார்கள், போலீஸ் வருகிறது, போலீஸ்காரர்களே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. முடிவே இல்லாமல் எபிசோட் முடிகிறது.

அதைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று நடந்தது. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே உடனே தெரியவில்லை. இது எவ்வளவு அபூர்வம்! பெரிய அரசியல் கேள்வி எது வந்தாலும் என் பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருக்கிறது, எந்த ஊடகம் என்ன சொல்லும், எந்த நண்பர் என்ன பதிவு போடுவார் என்பதுகூடத் தெரியும். ஆனால் பார்க்கிங் விஷயத்தில் என் கட்சி என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. (பின்பக்கமாக வருகிறவனுக்குத்தான் உரிமை. என் முடிவு இது, மாற்றுக் கருத்துள்ளவர்கள் திட்டலாம்.) ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற, அரசியலில் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள முடியாத இரண்டு பேர், இந்தச் சண்டையில் ஒரே பக்கம் சேர்ந்துவிடலாம். அரசியல் இல்லாத நகைச்சுவையின் கவர்ச்சி என்று எல்லோரும் சொல்வது ஏதோ நிம்மதி, தப்பித்தல் என்கிற மாதிரி. எனக்கு அப்படி இல்லை. வாதாடும் சுகம் அப்படியே இருக்கிறது, அணி மட்டும் முன்கூட்டியே பிரிக்கப்படவில்லை.

லாரி டேவிட் எழுத்தாளர் அறையில் வைத்திருந்த விதி பிரபலமானது: கட்டிப்பிடித்தல் கூடாது, பாடம் கற்றுக்கொள்ளுதல் கூடாது. அன்றைய சிட்காம்களில் இருபதாவது நிமிஷம் ஆனால் மெதுவாக ஒரு இசை வரும், அப்பா மகளைக் கட்டிப்பிடிப்பார், மகள் திருந்துவாள். இங்கே ஒன்பது சீசனில் ஒருவனும் திருந்தவில்லை. ஒரே ஒரு இடத்தில் பாடம் சொல்ல முயல்கிறார்கள், அது 'தி டின்னர் பார்ட்டி' எபிசோடில். ஜெர்ரி பேக்கரியில் பாதி கறுப்பு ஐசிங், பாதி வெள்ளை ஐசிங் போட்ட பிஸ்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நிறமும் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன பார், மனிதர்கள் இந்தப் பிஸ்கெட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உருகுகிறான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினாலு வருஷமாக வாந்தியே எடுக்காத மனிதன் வாந்தி எடுக்கப் போகிறான். நற்செய்தி சொல்லும் நகைச்சுவை மேல் இந்தத் தொடருக்கு இருந்த கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டாவது ஆளுக்கு நான் விட்டுக்கொடுக்கும் பாதி.

1995 அக்டோபரில் 'தி மேஸ்ட்ரோ'. சூடான காப்பியைச் சட்டைக்குள் ஒளித்துத் தியேட்டருக்குள் கொண்டுபோகப் பார்த்து மேலே கொட்டிக்கொண்ட கிரேமர், காப்பிக் கடை மேல் வழக்குப் போடுகிறான். கடைக்காரர்கள் ஆயுள் முழுக்க இலவசக் காப்பியும் ஐம்பதாயிரம் டாலரும் தரத் தயாராக வருகிறார்கள். "இலவசக் காப்பி" என்ற முதல் பாதி காதில் விழுந்ததுமே கிரேமர் "சம்மதம்!" என்று எழுந்துவிடுகிறான். காட்சியாக அருமை. ஆனால் அது எதைக் கிண்டல் செய்தது என்று அப்போது பார்த்த எல்லோருக்கும் தெரியும். 1992-ல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் 79 வயதுப் பாட்டி ஒருவர் காரில் உட்கார்ந்தபடி மெக்டொனால்ட்ஸ் காப்பியின் மூடியைத் திறக்க, அது மடியில் கொட்டியது. மூன்றாம் நிலைத் தீக்காயம், எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டுச் சிகிச்சை. அவர் முதலில் கேட்டது மருத்துவச் செலவை ஒட்டி ஏறக்குறைய 20,000 டாலர். நிறுவனம் கொடுக்க முன்வந்தது 800. வழக்கு நடந்தபோதுதான், காப்பி சுட்டதாக அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான புகார்கள் அந்த நிறுவனத்துக்குப் போயிருந்தது வெளியே வந்தது. 1994-ல் நடுவர் குழு இருபத்தெட்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது, நீதிபதி அதை 6,40,000 ஆகக் குறைத்தார். ஆனால் ஊரில் பரவிய கதை என்ன? காப்பி கொட்டியதற்குக் கோடீஸ்வரி ஆன பேராசைக் கிழவி. இந்தக் கதை பரவுவதால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. கிரேமரின் எபிசோட் அந்தக் கதையை அப்படியே வாங்கிக்கொண்டது.

அன்றாடத்தைக் கவனித்துச் சிரிப்பதில் இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். "எல்லோரும் பார்த்திருக்கிறோம் இல்லையா" என்று தொடங்குகிற நகைச்சுவை, எல்லோரும் நம்புவதை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிடும். வரிசையில் நிற்பதைப் பற்றிப் பேசும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை, நாம் எல்லோரும் வரிசையில் நின்றிருக்கிறோம். தொடையில் தோல் ஒட்டுப் போட்டுக்கொண்ட பாட்டியை நம்மில் யாரும் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி.

பாபு பட் கதையையும் இங்கேதான் வைப்பேன், ஆனால் கொஞ்சம் தயக்கத்தோடு. பாபு பாகிஸ்தானிலிருந்து வந்து சின்னதாக ஒரு உணவகம் வைத்தவர். ஜெர்ரி நல்லது செய்வதாக நினைத்து, எல்லா நாட்டுச் சாப்பாடும் எதற்கு, முழுக்கப் பாகிஸ்தான் சாப்பாடாக மாற்றுங்கள் என்கிறான், கடை மூடிப்போகிறது. அடுத்த சீசனில் 'தி விசா'. பாபுவுக்கு ஜெர்ரி தன் கட்டடத்திலேயே வீடும் ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறான். பாபுவின் விசா புதுப்பிப்புக் கடிதம் தவறுதலாக ஜெர்ரியின் தபால் பெட்டிக்குப் போய், ஊரில் இல்லாத ஜெர்ரிக்காகத் தபாலை எடுத்து வைத்திருந்த எலெய்னிடம் தங்கிவிட, பாபு நாடு கடத்தப்படுகிறார். தபால் மாறுவது இந்தத் தொடரின் வழக்கமான சின்ன விபத்துதான். ஆனால் எலெய்னுக்கோ ஜார்ஜுக்கோ தபால் மாறினால் ஒரு காதல் முறியும், ஒரு வேலை போகும், அடுத்த வாரம் மறுபடி அதே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். பாபுவுக்கு மாறினால் நாடே போய்விடுகிறது. எழுதியவர்கள் இதை வேண்டுமென்றே யோசித்துத்தான் வைத்தார்களா, இல்லை சிரிப்பு கிடைக்கும் என்று மட்டும் வைத்தார்களா என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது. என் வீட்டிலும் உறவினர் வட்டத்திலும் விசா தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு, அதனாலோ என்னவோ அந்த எபிசோடில் மட்டும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

நான் சொல்வதை லாரி டேவிட்டே யோசித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி கடைசி எபிசோட். ஏழாவது சீசனோடு விலகிப்போனவர் இதை எழுதுவதற்காகத் திரும்பி வந்தார். மாசசூசெட்ஸில் லேதம் என்று ஒரு சின்ன ஊர், நாலு பேரும் தெருவில் நிற்கிறார்கள், எதிரே ஒரு பருமனான மனிதரைத் துப்பாக்கி காட்டி ஒருவன் கொள்ளையடிக்கிறான். இவர்கள் உதவவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டு, அவருடைய பருமனைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்ற ஊர்ச் சட்டத்தில் கைதாகி, வழக்கு நடந்து, ஒன்பது சீசனில் இவர்களால் பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறிச் சாட்சி சொல்கிறார்கள், பாபு உட்பட. ஒரு வருஷச் சிறை. ரசிகர்களில் பாதிப் பேருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இன்றுவரைக்கும் திட்டுகிறார்கள். எனக்குப் பிடிக்கும். கவனிப்பது மட்டுமே எங்கள் வேலை என்று நின்றவர்களைக் கவனித்ததற்காகவே உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சிறை அறைக்குள்ளும் ஜெர்ரி ஜார்ஜின் சட்டைப் பொத்தான் தப்பான இடத்தில் இருக்கிறது என்று பேசத் தொடங்குவான், பைலட்டில் அவர்கள் பேசிய முதல் பேச்சும் அதேதான். கட்டிப்பிடிக்கவில்லை, பாடமும் கற்கவில்லை.

இவர்கள் யாரும் நிஜ வாழ்க்கையில் அரசியலிடமிருந்து தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் ஒரு பேட்டியில் ஜெர்ரி, டிவியில் நல்ல நகைச்சுவை குறைந்துபோனதற்குத் தீவிர இடதுசாரிகளும் மனம் புண்படுமே என்ற பயமும்தான் காரணம் என்றார், பெரிய சர்ச்சை ஆனது. அந்த அக்டோபரில் இன்னொரு பேட்டியில், அப்படிச் சொன்னது சரியில்லை என்று தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். இடையில் மே மாதம் டியூக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவர் பேச எழுந்தபோது, இஸ்ரேலுக்கு அவர் தெரிவித்த ஆதரவை எதிர்த்து மாணவர்கள் சிலர் வெளியே நடந்தார்கள். அதில் யார் சரி என்பது இந்தப் பதிவின் வேலை இல்லை. ஆனால் அந்த ஏப்ரல் பேட்டியில் அவர் சொன்னது எனக்கு ஏமாற்றம் தந்தது வேறு காரணத்துக்காக: அது கவனித்துச் சொன்னது மாதிரியே இல்லை, எங்கோ கேட்ட பொதுப்பேச்சு மாதிரி இருந்தது. தொடரின் ஒரு எபிசோடில் வாடகைக் கார் கம்பெனியில் நின்றுகொண்டு, உங்களுக்கு முன்பதிவை எடுக்கத் தெரிகிறது, வைத்திருக்கத்தான் தெரியவில்லை, அந்த வைத்திருப்பதுதானே முன்பதிவில் முக்கியம் என்று கேட்டவரின் வாயிலிருந்து வருகிற பேச்சா அது?

எலெய்னாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸ் வேறு வழியில் போனார். 2012-லிருந்து 2019 வரை 'வீப்' தொடரில் துணை அதிபர் செலினா மேயர், முழுக்க முழுக்க வாஷிங்டன் அரசியல், அதற்காகத் தொடர்ந்து ஆறு எம்மி விருது வாங்கினார். அந்தத் தொடரில் செலினா எந்தக் கட்சி என்று கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டார்கள். பாருங்கள், அரசியலை மட்டுமே பேசுகிற தொடரையும் 'சைன்ஃபெல்ட்' வழியிலேயே எடுத்திருக்கிறார்கள், கொள்கையைக் கழற்றி வைத்துவிட்டு நடத்தையை மட்டும் பார்க்கிற வழி.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபரிலிருந்து நெட்ஃபிளிக்ஸில் முழுத் தொடரும் வந்தது. முதல் சீசனிலிருந்து தொடங்காதீர்கள், மொத்தமே ஐந்து எபிசோட்தான் என்றாலும் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். மேலே சொன்ன சீன உணவகத்தில் தொடங்குங்கள், அப்புறம் மூன்றாவது சீசனில் 'தி பார்க்கிங் கராஜ்', அதில் நாலு பேரும் ஒரு மாலின் பார்க்கிங்கில் கார் எங்கே நிற்கிறது என்று எபிசோட் முழுக்கத் தேடுவார்கள். அது பிடித்தால் நாலாவது சீசன் முழுக்கப் போகலாம். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அப்புறம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிடிக்காது.